திரி எடுக்க உள்ளே போகிறேன்

திருடுவதற்குத் தோதாகக் கடை நடத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் என் இடத்தில் வந்து நின்று பார்க்கட்டும். எப்போது பார்க்க வேண்டும், எப்போது பார்க்கக் கூடாது, எப்போது பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி முறைக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. அந்தப் பக்குவம் கைவருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

என் பெயர் ஜெஸ்லின். பெரியகுளத்துக்காரி. அங்கே தோட்டக்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, போடி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தேன். கீழே கடை, மேலே வீடு, நடுவில் குறுகலாக ஒரு மாடிப்படி. கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தப் படியில் இறங்கியது மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோகவும் காலிக் கேரியரைத் திருப்பிக் கொண்டுவரவும்தான். நான் வாங்கிய பட்டம் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது. சேலையையாவது நல்ல நாள் பெரிய நாளில் வெளியே எடுத்தோம்.

மாமா பொன்னுராஜ் கறாரான மனிதர். பாத்திரம் நிறுக்கும்போது தராசு அசையாமல் நிற்கும்வரை மூச்சுகூட விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறவர் அவர்தான். அவர் பக்கத்தில் வந்து நின்றால் சில்லறை போட நினைத்தவனும் நோட்டாகப் போட்டுவிடுவான், அப்படி ஒரு முகம். அவரிடம் போய், கடையில் எனக்கும் ஒரு மூலை வேண்டும், செடித்தொட்டி விற்கப் போகிறேன் என்று கேட்டதற்கு எனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் மறுக்கவில்லை. வாசலை ஒட்டி, பிளாஸ்டிக் குடங்கள் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்து கொடுத்தார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரும்மா. ஓடுனா இருக்கட்டும். ஓடலைன்னா பொங்கப் பானை வந்துரும், எடம் வேணும்" என்றார். ஓடாவிட்டால் நீ மறுபடி மாடிக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

தொட்டிகளை என் வீட்டுக்காரர் ஜஸ்டின் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். கண்ணாடியைப் போலத் தெளிவான பிளாஸ்டிக். கீழே தண்ணீர் நிற்க ஒரு கிண்ணம், மேலே செடி நிற்க ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு பருத்தித் திரி. கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டால் திரி வழியாக மண் தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வரும்வரை செடி காத்திருக்கும். நேர் வெயிலில் வைத்தால் உள்ளே பாசி பிடிக்கும், அவ்வளவுதான் தொந்தரவு. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது வெளியே தெரியும். வேரும் தெரியும். வேர் வெள்ளையாக இருந்தால் செடி சுகமாக இருக்கிறது. பழுப்பாக இருந்தால் யாரோ அதன் மேல் அளவுக்கு மீறிப் பாசம் காட்டிவிட்டார்கள்.

எல்லாத் தொட்டியிலும் மணி பிளான்ட் நட்டு, பளபளவென்று துடைத்து, விலை எழுதி அடுக்கினேன். முதல் தொட்டியை ராசியாக இருக்கட்டும் என்று மாமாவின் கல்லா மேசையில் வைத்தேன். அவர் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். ஆனால் திரியை நம்பவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தம்ளரில் மிச்சம் இருப்பதைச் செடிக்கும் ஊற்றினார். வேண்டாம் மாமா, கீழே தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கிற உயிரை விட்டுவிட்டுத் தான் மட்டும் குடிப்பது எப்படி என்று கேட்டார். அதற்குப் பதில் கல்லூரியில் சொல்லித்தரவில்லை. வேர் பழுப்பாகி, கறுத்து, கூழானது. போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் அது தெரிந்தது. கடைசியில் மாமா தொட்டியைக் கழுவி அதில் பேனாக்களைப் போட்டு வைத்துக்கொண்டார்.

ராசி அப்படி என்றால் வியாபாரம் எப்படி இருக்கும்? வந்தவர்கள் பார்த்தார்கள், விரலால் தட்டினார்கள், போனார்கள். வேரை வெளியே காட்டினால் கண் பட்டுவிடும் என்றார் தேவாரத்திலிருந்து வந்த ஓர் அம்மா. மீன் வளர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஊறுகாய் போட்டு வைத்தால் வீணாகாமல் இருக்குமா என்று இன்னொருவர். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். கொஞ்சம் என்று நான் சொன்னது ஜஸ்டினுக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

இந்த லட்சணத்தில் கொடிகள் வேறு காணாமல் போக ஆரம்பித்தன. நேற்று தட்டுக்குக் கீழே தொங்கிய கொடி இன்று தட்டோடு நின்றது. முதலில் எலி என்று நினைத்தேன். பிறகு பஜாரில் அலையும் ஆடுகளைச் சந்தேகப்பட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு கொடியும் கணுவுக்கு ஒரு விரல் கீழே, நகத்தால் சுத்தமாகக் கிள்ளப்பட்டிருந்தது. கணுவில்தான் வேர் பிடிக்கும் என்பது ஆட்டுக்குத் தெரியாது.

பாத்திரக் கடையில் ஆளைக் கண்காணிக்கத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. சுவரெல்லாம் எவர்சில்வர் தாம்பாளம். ஒரு நாள் முதுகைக் காட்டிக்கொண்டு தூசி தட்டுவது போல நின்றேன். எதிரே இருந்த பெரிய தாம்பாளத்தில் சண்முகத்தாய் அக்கா தெரிந்தார். ஏலக்காய் வியாபாரி வீட்டு அம்மா, எங்கள் கடைக்குப் பல வருஷத்து வாடிக்கை. இரண்டு பக்கமும் பார்த்தார், ஒரு கொடியைக் கிள்ளினார், அப்போதுதான் வாங்கியிருந்த டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடினார். பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பேனே அக்கா என்றேன்.

அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"கேட்டு வாங்குனா அது வெளங்குமா? காசு குடுத்து வாங்குனா தங்குமா? மணி பிளான்ட்டக் களவாண்டு வச்சாத்தான் வீட்டுல ஏறும் ஆத்தா. இப்ப நீ பாத்துட்ட. எல்லாம் போச்சு."

கொடியை எடுத்துத் தட்டின் மேல் போட்டுவிட்டு விறுவிறுவென்று போனார். போகிற போக்கில் கல்லாவில் இருந்த மாமாவிடம், உங்கள் மருமகள் வருகிறவர்களையெல்லாம் உற்று உற்றுப் பார்க்கிறாள் என்று ஒரு புகாரும் வைத்தார். வாடிக்கையாளரை அப்படிப் பார்க்கக் கூடாது என்று மாமா எனக்குப் பதமாக எடுத்துச் சொன்னார். திருட்டுக் கொடுத்தவளும் நான், திட்டு வாங்கியவளும் நான்.

அன்றைக்கு முழுவதும் கோபத்தில் பாத்திரங்களை அடுக்கினேன். ஒவ்வொன்றையும் வைத்த சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். கோபம் அடங்கியதும்தான் மூளை வேலை செய்தது. திருடி வைத்தால்தான் வளரும் என்ற பேச்சை நானும் ஹாஸ்டலில் கேட்டிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்வது என்று விட்டிருந்தேன். இங்கே நகையும் காரும் உள்ளவர்கள்கூட அதை மெய்யாகவே நம்பிக் கிள்ளுகிறார்கள் என்றால், மணி பிளான்ட்டை விலை எழுதி விற்பனைக்கு வைத்த முதல் முட்டாள் போடி பஜாரில் நான்தான். ஆனால் நான் விற்க வேண்டியது செடி இல்லையே, தொட்டிதானே? தொட்டியைத் திருடி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தொட்டியைத் தாராளமாகக் காசு கொடுத்து வாங்கலாம்.

மறுநாளே தட்டை மாற்றினேன். விற்பனைக்கு வெறும் தொட்டிகள் முன்னால். தாய்ச்செடிகள் மேலே, கை எட்டும் உயரத்தில், கொடிகள் நன்றாகத் தொங்கும்படி. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை: 'செடியைத் தொடாதீர்கள். விற்பனைக்கு அல்ல.' திரிகளை மட்டும் கடையின் பின்னறையில் கொண்டுபோய் வைத்தேன். ஒருவர் தொட்டியைக் கையில் எடுத்து விலை பேசி முடிந்ததும், திரி உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போவேன். அவசரமே இல்லை. திரும்பி வருவதற்கு முன்னால் ஒரு தடவை இருமுவேன்.

ஆரம்பத்தில் ஒரு தப்புச் செய்தேன். யுவராணி என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்திருந்தார். திரியோடு திரும்பியபோது அவர் கைப்பையிலிருந்து ஒரு இலை எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொண்டார். நீயாக விட்டுக்கொடுத்தால் அது எப்படிக் களவாகும் என்று கேட்டுவிட்டு, கொடியையும் தொட்டியையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். நியாயமான கேள்விதான்.

அன்றிலிருந்து சிரிப்பை விட்டேன். என்னிடம் கைவசம் இருந்த கோபத்தை எடுத்தேன். திரும்பி வந்ததும் கொடிகளை ஒவ்வொன்றாக நோட்டம் விடுவேன். தொட்டி வாங்கியவரை மட்டும் பார்க்கமாட்டேன். தெருவைப் பார்த்து, எவளோ என் செடியில் கை வைத்திருக்கிறாள், அவள் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவள் விளங்குவாளா, அவள் கொடி விளங்குமா என்று கேட்பேன். தொட்டி வாங்கியவர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டி, ஆமாம்மா, காலம் கெட்டுக் கிடக்கிறது என்பார். காசைக் கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். அவ்வளவு சுத்தமான திருட்டு அவருக்கு வேறு எங்கே கிடைக்கும்?

சண்முகத்தாய் அக்கா மறுபடி வந்து, இந்தத் தடவை யார் கண்ணிலும் படாமல் காரியத்தை முடித்துக்கொண்டு போனார். அந்தக் கொடி அவர் வீட்டு ஜன்னல் கம்பியைத் தாண்டி ஏறியது. ஜெஸ்லின் கடையில் எடுத்தால் அப்படி ஏறுகிறது, அவள் எவ்வளவு திட்டுகிறாளோ அவ்வளவு ஏறுகிறது என்று ஏலக்காய்க் கடை வீடுகள் முழுக்கப் பேச்சு. சனிக்கிழமைகளில் குச்சனூர் போய் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு நேராக என்னிடம் திருட வந்தார்கள். ஏறியதற்குக் காரணம் என் திரி, என் தொட்டி, வாடாமல் கிடைத்த தண்ணீர். பேர் வாங்கியது களவு. எனக்கு அதில் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் தட்டு காலியாகக் காலியாக ஜஸ்டின் மறுபடி கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குப் பிறகும் நான் கீழேதான் இருப்பேன் என்று நம்ப ஆரம்பித்தேன்.

என் கத்தலைக் கேட்டது தெரு மட்டும் இல்லை என்பதை மறந்துபோனேன். கல்லாவில் இருந்த மாமாவும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். முகம் வாடிப்போயிருந்தது.

"எங் கடைக்குள்ள ஒம் பொருளுக்குப் பாதுகாப்பு இல்லைன்னு ஆயிறக் கூடாதும்மா. நான் ஒரு ஏற்பாடு பண்ணிருக்கேன்."

மறுநாள் காலையில் ஆள் வந்து என் தட்டுக்கு நேர் எதிரே ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போனார். மாடியில் இருக்கிற டிவியிலும் அதன் படம் தெரிந்தது. வீணாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காத மனிதர் எனக்காக இதைச் செய்திருக்கிறார். அவருக்கு என் மேல் எவ்வளவு அக்கறை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை நினைத்து அழுகை வந்தது. என் பிழைப்பு போயிற்றே என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது. ரொம்ப நல்லது மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாபாரம் நின்றது. வந்தவர்கள் தொட்டியை எடுத்தார்கள், நான் திரி எடுக்கப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் அவர்கள் கேமராவை அண்ணாந்து பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். தொட்டியை வைத்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போவார்கள். அது வேலை செய்கிறதா என்று ஒருவர் மாமாவிடமே கேட்டார். நன்றாக வேலை செய்கிறது, ஒரு இலை அசைந்தாலும் பதிவாகிவிடும் என்று மாமா பெருமையாகச் சொன்னார்.

உண்மையை அப்பாவிடம் சொல்லிவிடலாமே என்றார் ஜஸ்டின். சரி, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு தேவாரத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. திருடுவதும் பாவம், அப்படித் திருடினால் வளரும் என்று நம்புவதும் பாவம், இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வியாபாரம் செய்தேன் என்று மாமாவிடம் யார் போய்ச் சொல்வது?

கை கொடுத்தது என் மாமியார் சுகிர்தம். அத்தைக்கு முழங்கால் வலி. கீழே இறங்குவது அபூர்வம். கேமரா வந்ததிலிருந்து சீரியலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் பூண்டு உரித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"கேமரா வச்ச அன்னைக்கு ரெண்டு பேரு அதைக் கவனிக்காமக் களவாண்டாக. பாக்க எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா. நீ திரும்பி வந்து திட்டுன பாரு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இப்ப ஒருத்தரும் களவாங்க மாட்டேங்குறாக."

நான் உரித்த பூண்டைக் குப்பையிலும் தோலைக் கிண்ணத்திலும் போட்டேன். மாமாவிடம் சொல்லவில்லையா அத்தை என்று கேட்டேன். நான் ஏன் சொல்கிறேன் என்றார். கல்யாணமான புதிதில் தானும் அந்தக் கடையில் ஒரு ஓரமாக உட்கார ஆசைப்பட்டதாகவும், கேட்கத்தான் தைரியம் வரவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, பரண் மேல் இருக்கிற அட்டைப்பெட்டியை இறக்கு, டிசம்பர் பிறந்துவிட்டது, ஸ்டார் கட்ட வேண்டாமா என்றார்.

வழக்கமாக எங்கள் ஸ்டாரை மாடி பால்கனியில் கட்டுவோம். பெரிய சிவப்புக் காகித ஸ்டார், உள்ளே பல்பு. அத்தை மாமாவைக் கூப்பிட்டு, இந்த வருஷம் பால்கனியில் போய்ப் பார்க்கத் தனக்குக் கால் முடியவில்லை, கடைக்குள் கட்டினால் டிவியிலேயே பார்த்துக்கொள்வேன், வருகிறவர்களுக்கும் ஆசீர்வாதமாக இருக்கும் என்றார். மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தானே ஸ்டூலில் ஏறினார். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் மாமா என்றேன். இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள் மாமா என்றேன். அவர் முடிச்சுப் போட்டு இறங்கியபோது கேமராவுக்கு முன்னால் பெத்லகேமின் நட்சத்திரம் நின்றது. ஓரமாக ஒரு கீற்று இடைவெளியில் மட்டும் தட்டின் நுனி தெரிந்தது.

சாயங்காலம் டிவியைப் பார்த்த மாமா நெற்றியைச் சுருக்கினார். ஸ்டார் கேமராவை மறைக்கிறதே என்றார்.

"அதுக்கு? ஆண்டவரு பொறந்த நட்சத்திரத்த அவுக்கச் சொல்றீகளா?" என்று அத்தை கேட்டார்.

மாமா டிவியை விட்டுவிட்டுக் கைகால் கழுவப் போனார். அடுத்த நாளே வியாபாரம் பழையபடி ஓடியது. யுவராணி டீச்சர்கூட வந்து, நான் திட்டுவதை முழுசாகக் கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போனார்.

எல்லாம் சரி. ஆனால் தட்டு எனக்குத்தான் என்று மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அவர் அடிக்கடி என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் கேட்காது என்று நினைத்துப் பெண்கள் தாங்கள் களவாண்ட கொடியின் பெருமையைப் பேசும்போது, கணக்குப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொள்வார். ஒரு தடவை, நீ எனக்குக் கொடுத்தது மட்டும் ஏன் பட்டுப்போனது என்று கேட்டார். தண்ணீர் கூடிப்போனது மாமா என்றேன். ம் என்றார். அந்த 'ம்'மில் நம்பிக்கையே இல்லை. அதற்குள் பொங்கல் பானைகள் லாரியில் வந்து இறங்கிவிட்டன. கடைக்குள் நடக்க இடமில்லாமல் அடுக்கிக் கிடந்தன. திரும்பவும் கேரியர் தூக்குவதற்குப் பதிலாகப் பேசாமல் பெரியகுளத்துக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை. கடை திறக்க நேரம் இருந்தது. அடுப்படியில் நான் அச்சுமுறுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அத்தை டிவி முன்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார். திரையில் ஸ்டார் ஆடியது. திடீரென்று மாமாவின் முகம் திரை முழுக்கப் பெரிதாக வந்தது. ஸ்டூல் மேல் நிற்கிறார். நேராகக் கேமராவை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு கை வந்து ஸ்டாரைப் பிடித்தது.

ஸ்டாரை அவிழ்க்கிறார், அடுத்தது என் தட்டைக் காலி செய்யப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நாளைக்குப் பண்டிகை, அதற்குள் அவர் சொன்ன தவணை முடிகிறது. அவர் வாக்குத் தவறாதவர். கையில் முறுக்குக் கம்பியோடு மாடிப்படியில் ஓடினேன். முழங்கால் வலியை மறந்து அத்தையும் பின்னாலேயே வந்தார்.

படி திரும்புகிற இடத்தில் நின்றால் எதிரே அந்தப் பெரிய தாம்பாளம். அதில் கடையின் முன்பக்கம் முழுவதும் தெரியும். மாமா ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஸ்டார் அவிழ்க்கப்படவில்லை. ஓரத்தில் இருந்த அந்தக் கீற்று இடைவெளியும் இல்லாமல், கேமராவைச் சுத்தமாக மூடி நேராக நின்றது.

மாமா பாதி இறக்கியிருந்த ஷட்டரைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். 'செடியைத் தொடாதீர்கள்' என்ற அட்டையை ஒரு நிமிஷம் நின்று படித்தார். காணிக்கைத் தட்டு ஏந்துகிற அந்தக் கை மெதுவாக மேலே போனது. இருப்பதிலேயே நீளமான கொடியைப் பிடித்தது.

அத்தை என் தோளைப் பிடித்துச் சுவரைப் பார்த்துத் திருப்பினார். தானும் திரும்பிக்கொண்டார்.

"பாக்காதடி" என்று காதுக்குள் சொன்னார். "பாத்தா வெளங்காது."

நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தையின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. நான் சேலை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். கீழே நகம் கிள்ளுகிற சத்தம் கேட்டதா, கேட்டதாக நானே நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. பிறகு கல்லா மேசையில் பேனாக்கள் கொட்டுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. நான் ஒரு தடவை சத்தமாக இருமிவிட்டுப் படி இறங்கினேன்.

மாமா மேசைக்குப் பின்னால் விறைப்பாக நின்றார். வெள்ளைச் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு இலை எட்டிப் பார்த்தது. நான் அவர் தலைக்கு மேலே, ஸ்டாரைப் பார்த்தேன்.

"அந்தத் தட்டு அங்கனயே இருக்கட்டும்மா. பொங்கப் பானைய உள்ள அடுக்கிக்கிருவோம்" என்றார். மேசையில் கொட்டிய பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டே, "அப்பறம், ஒரு திரி வேணும்" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வேலை வேலைதான்.

"திரி உள்ள இருக்கு மாமா. எடுத்துட்டு வர்றேன்."

மெதுவாக நடந்து போனேன். பின்னறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருமினேன். திரும்பி வந்து திரியை மேசையில் வைத்தேன். தம்ளர்த் தண்ணியை மட்டும் ஊத்திறாதீக மாமா என்றேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையை ஆட்டினார்.

அப்புறம் வழக்கம்போலத் தட்டுக்கு முன்னால் போய் நின்று கொடிகளை ஒவ்வொன்றாக நோட்டம் விட்டேன். ஊருக்கெல்லாம் செய்ததை அவருக்கு மட்டும் குறை வைக்க முடியுமா? ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தெருவைப் பார்த்து ஆரம்பித்தேன். எவனோ என் செடியில் கை வைத்திருக்கிறான், இருப்பதிலேயே நல்ல கொடியாகப் பார்த்துக் கிள்ளியிருக்கிறான், அவன் விளங்குவானா, அவன் கொடி விளங்குமா என்று பஜாரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"பண்டிகை நாளும் அதுவுமா கத்தாதம்மா" என்றார் மாமா, தொட்டிக்குள் திரியைச் செருகிக்கொண்டே, ரொம்பச் சின்னக் குரலில்.

நான் நிறுத்தவில்லை. முழு மனசோடு திட்டினேன். நன்றாக ஏறட்டும்.